கயிறு இழுக்காத மெஷின்

ஸ்காபரோவில் தொடங்கி மார்க்கம், ஏஜக்ஸ் வரைக்கும் எங்கள் சனம் வீடு வாங்கிய தெருக்களில், மே மாதம் பிறந்ததும் கராஜ் வாசல்களில் ஒரு தீர்ப்பு வாசிக்கப்படும். "பற்றரி மெஷின் சின்னப்பிள்ளையளின்ரை விளையாட்டுச் சாமான், தம்பி. புல்லு வெட்டுறதெண்டால் காஸ் மெஷின்தான்." சொல்பவர் இருபது, முப்பது வருடமாக இந்த நாட்டில் புல் வெட்டிவரும் அண்ணை. கேட்பவர் போன தையில் முதல் வீட்டின் சாவியை வாங்கிய தம்பி. எதிர்த்துச் சொல்லத் தம்பிக்கு அனுபவம் இல்லை. அடுத்த சனிக்கிழமை 160 சிசி எஞ்சின் பூட்டிய மெஷின் ஒன்றும், சிவப்புப் பெற்றோல் கலன் ஒன்றும், ஒரு போத்தல் எஞ்சின் ஒயிலும் அவருடைய கராஜுக்கு வந்து சேரும். முன்வளவும் பின்வளவுமாக அவரிடம் இருக்கும் புல் முழுவதையும் சேர்த்தாலும் ஒரு கரப்பந்தாட்டத் திடலை நிரப்பாது.

அண்ணையின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவருடைய கணக்கோடுதான் எனக்குத் தகராறு.

அந்தத் தீர்ப்பு பிறந்த காலத்தில் அது சரியாகத்தான் இருந்தது. 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் கடைக்கு வந்த வயரில்லாப் புல்வெட்டிகள் ஈய அமிலப் பற்றரியில் ஓடியவை. பிளாக் அண்ட் டெக்கரின் 24 வோல்ட், 19 அங்குல மெஷின் அவற்றில் பேர்போனது. பாரமென்றால் அப்படியொரு பாரம். அதைவிடப் பெரிய கோளாறு மாரியில் நடந்தது. ஈய அமிலப் பற்றரியைச் சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்காகக் கிடக்கவிட்டால் தகடுகளில் சல்பேற்றுப் படிந்து கொள்ளளவு விழுந்துவிடும். ஒன்ராறியோவில் புல் வெட்டாத காலம் அரை வருடம். இரண்டு மூன்று மாரியைக் கண்ட பற்றரி முன்வளவை முடிக்கவே மூச்சு வாங்கினால் ஆர்தான் பேசாமல் இருப்பார்? அண்ணை பேசினார், நியாயமாகவே பேசினார்.

பிறகு பற்றரி மாறியது. லிதியம் அயன் கலத்தைச் சோனி 1991இலேயே சந்தைக்குக் கொண்டுவந்திருந்தாலும், துளைகருவி, வாள் போன்ற பலமான கைக்கருவிகளுக்கு அது வந்து சேர்ந்தது 2005ஐ ஒட்டித்தான். கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார்களும் கூடவே வந்தன. புல்வெட்டிக்கு இரண்டும் சேர்ந்து கிடைத்தபோது அது வேறு சாமானாகிவிட்டது. தீர்ப்பை மட்டும் ஒருவரும் திரும்ப எடுத்துப் பார்க்கவில்லை.

முதல் குற்றச்சாட்டு, "சார்ஜ் காணாது." காணுமா காணாதா என்பதை வாக்குவாதத்தால் தீர்க்கத் தேவையில்லை, நிலத்தை அளந்தாலே போதும். புதிய குடியிருப்புகளில் 30 அடி முகப்பும் 100 அடி ஆழமுமான காணி சாதாரணம். மொத்தம் 3,000 சதுர அடி. அதில் வீடு, டிரைவ்வே, பின்னால் மர டெக், வேலியோரத்து நடைபாதை, அம்மா விடாப்பிடியாக வைத்திருக்கும் தக்காளிப் பாத்தி எல்லாம் போகப் புல்லென்று 1,400 சதுர அடி மிஞ்சினால் பெரிய காரியம். 130 சதுர மீற்றர் என்று வைப்போம். 21 அங்குல அகல மெஷின், போன வரிசையின் மேல் கொஞ்சம் ஏறிவந்தாலும், 45 சென்ரிமீற்றராவது புதிதாக வெட்டும். ஆறுதலாக நடப்பவர் விநாடிக்கு ஒரு மீற்றர் போவார். 130ஐ 0.45ஆல் பிரித்துப் பாருங்கள், 290 விநாடி கூட இல்லை. ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. மூலைகளில் திரும்புவது, மேப்பிள் மரத்தைச் சுற்றுவது, பிள்ளைகளின் பந்தை எடுத்து எறிவது, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கையசைப்பது என்று அதை மும்மடங்காக்கினாலும் பதினைந்து நிமிடம். 56 வோல்ட், 5 அம்பியர் மணிப் பற்றரியோடு வரும் மெஷினின் பெட்டியில் 45 நிமிடம் ஓடும் என்று எழுதியிருக்கும். விளம்பரம்தானே, நம்பவேண்டாம், பாதியாகக் குறையுங்கள். அப்போதும் ஏழு நிமிடம் கைவசம் மிச்சம்.

ஸ்காபரோவின் பழைய பங்களாக் காணிகள் வேறு மாதிரி. 50க்கு 150 அடிக் காணியில் புல் மட்டும் 400 சதுர மீற்றர் வரலாம். நடை மட்டும் பதினைந்து நிமிடம், இழுபறிகளோடு அரை மணித்தியாலத்தைத் தாண்டும். அங்கே பெரிய பற்றரியோ இரண்டாவது பற்றரியோ வேண்டும். ஆகவே கேள்வி காணியைப் பற்றியது. ஆனால் அண்ணை காணியைக் கேட்பதே இல்லை. அவர் மெஷினை மட்டும் பார்த்துச் சொல்லிவிடுகிறார்.

அவர் தன் பக்கத்துக்குச் சொல்லக்கூடிய மிகப் பலமான வாதத்தை அவர் சொல்வதே இல்லை, நானே சொல்லிவிடுகிறேன். ஒரு லீற்றர் பெற்றோலில் கிட்டத்தட்ட 9 கிலோவாற் மணிச் சக்தி அடங்கியிருக்கிறது. அந்த 56 வோல்ட் பற்றரியில் இருப்பது 0.28. ஒரு லீற்றருக்குள் முப்பது பற்றரி! சின்ன எஞ்சின் அதில் ஐந்தில் நாலு பங்கை வெக்கையாகவும் புகையாகவும் கொட்டிவிட்டாலும், மிஞ்சுவது ஆறு பற்றரிக்குச் சமன். பெற்றோல் அற்புதமான திரவம், மறுக்கவில்லை. ஆனால் பற்றரி மெஷின் 0.28 கிலோவாற் மணியை 45 நிமிடத்தில் செலவழிக்கிறது என்றால், சராசரியாக அது இழுப்பது 400 வாற்றுக்கும் கீழே. சாதாரணப் புல்லை வெட்ட உண்மையில் அவ்வளவுதான் வேண்டியிருக்கிறது. 3,000 வாற்றுக்கு மேல் தரக்கூடிய எஞ்சினை அந்த வேலைக்குப் பூட்டிவிட்டு, "பலமான மெஷின்" என்று மெச்சிக்கொள்வதில் என்ன இருக்கிறது?

அந்தப் பலத்தின் கதையும் வேடிக்கையானது. புல்வெட்டி எஞ்சின்களின் குதிரைவலுவைக் கூட்டிப் போட்டு விற்றார்கள் என்று அமெரிக்காவில் வாங்கியவர்கள் நிறுவனங்கள் மேல் வழக்கு வைத்தார்கள். 2010இல் மில்வோக்கி கூட்டாட்சி நீதிமன்றத்தில் அது இணக்கத்தில் முடிந்தது. தள்ளிக்கொண்டு போகும் மெஷின்காரருக்கு 35 டொலர் வரை, ஏறியிருந்து ஓட்டும் மெஷின்காரருக்கு 75 டொலர் வரை நட்டஈடு. இப்போது பெட்டிகளில் குதிரைவலு அரிதாகத்தான் தென்படுகிறது. சிசியும் முறுக்குவிசையும்தான் போடுகிறார்கள். அண்ணை இன்னும் குதிரைகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

பற்றரிக்காரரும் யோக்கியர் இல்லை. வட அமெரிக்காவில் "20 வோல்ட் மேக்ஸ்" என்று விற்கும் அதே சாமான் ஐரோப்பாவில் 18 வோல்ட். இங்கே 40, அங்கே 36. இங்கே 80, அங்கே 72. ஒரு லிதியம் கலத்தின் இயல்பான அழுத்தம் 3.6 வோல்ட், சார்ஜரிலிருந்து கழற்றிய கையோடு 4 வோல்ட் அளவு காட்டும். எந்த எண் பெரிதோ அதைப் பெட்டியில் போடுகிறார்கள். வோல்ட்டையோ அம்பியர் மணியையோ தனியாகப் பார்த்து ஏமாறவேண்டாம். இரண்டையும் பெருக்கினால் வரும் வாற் மணிதான் தாங்கியின் கொள்ளளவு. பெரும்பாலும் பற்றரியின் அடியில் பொடி எழுத்தில் அதையும் அச்சடித்திருப்பார்கள்.

இரண்டாவது குற்றச்சாட்டு, "பலம் காணாது." அதற்குச் சாட்சியாகக் கைபேசியில் ஒரு வீடியோ வரும். முழங்காலளவு புல்லுக்குள் ஒருவர் பற்றரி மெஷினைத் தள்ளுவார். பத்தடி போனதும் அது நின்றுவிடும். "பார்த்தியோ!" பார்த்தோம். முழங்காலளவு ஈரப்புல்லுக்குள் சாதாரணப் பெற்றோல் மெஷினும் இருமி, திணறி நிற்பதை அண்ணை தன் வளவிலேயே எத்தனையோ தடவை கண்டிருப்பார். அப்போது குற்றம் புல்லின் மேல் போகும்: "மழை பெய்து வளர்ந்திட்டுது." பற்றரி மெஷின் நின்றால் மட்டும் குற்றம் மெஷின் மேல். உண்மையில் அது நிற்பது மோட்டாரையும் பற்றரியையும் காப்பாற்றும் மின்சுற்று வேலை செய்வதால். வெட்டும் உயரத்தைக் கூட்டி, பாதி அகலம் எடுத்து, மெதுவாக ஒரு தரம் போய், பிறகு இறக்கி இன்னொரு தரம் போனால் அந்தக் காடும் வெட்டுப்படும். நேரம் எடுக்கும், பற்றரியும் கெதியில் இறங்கும். உண்மை. ஆனால் வருடத்தில் ஒரு நாள் வரக்கூடிய அந்தக் காட்டுக்காக, மற்ற நாளெல்லாம் தள்ளப்போகும் மெஷினைத் தேர்ந்தெடுக்க வேண்டுமா?

இங்கேதான் எனக்கு அண்ணையோடு உள்ள பெரிய பிணக்கு. அது மெஷினைப் பற்றியதே இல்லை, புல்லைப் பற்றியது. எங்கள் ஆட்களில் பலர் புல்லை மொட்டையடிக்கிறார்கள். ஒருமுறை ஒட்ட வெட்டினால் மூன்று கிழமைக்குப் பிரச்சினை இல்லை என்பது அவர்களின் சாத்திரம். அதற்குப் பெரிய எஞ்சின் வேண்டித்தான் இருக்கும். ஒன்ராறியோ வளவுகளில் விதைத்திருப்பது பெரும்பாலும் கென்ரக்கி புளூகிராஸும் ரைகிராஸும் ஃபெஸ்க்யூவும் கலந்த குளிர்காலநிலைப் புல். இலையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்கக்கூடாது என்பதும், 7, 8 சென்ரிமீற்றர் உயரத்தில் வைத்திருக்க வேண்டும் என்பதும் புல் வளர்ப்பவர்களின் பழைய விதி. அந்த உயரத்தில்தான் வேர் ஆழப் போகும், ஜூலை வெய்யிலைத் தாங்கும்.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. 2009இல் ஒன்ராறியோ அரசு வீட்டு வளவுகளில் அழகுக்காகக் களைகொல்லி அடிப்பதைத் தடைசெய்தது. அதற்கு முந்திய காலத்தில் எவ்வளவு ஒட்ட வெட்டினாலும் வரும் டான்டலியனை ஒரு போத்தல் மருந்து பார்த்துக்கொண்டது. இன்றைக்குக் கையிலிருக்கும் மலிவான களைகொல்லி நிழல்தான். புல் உயரமாகவும் அடர்த்தியாகவும் நின்றால் களைவிதை முளைக்க வெளிச்சம் கிடைக்காது. மொட்டையடித்த வளவில் டான்டலியன் மஞ்சளாகச் சிரிப்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

உயரமாக வைத்து, மேயிலும் ஜூனிலும் ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை நுனியை மட்டும் எடுத்துவிடுவது என்று வைத்துக்கொண்டால், மெஷினுக்கு வேலையே இல்லை. வெட்டுண்ட நுனியைப் பையில் அள்ளவும் தேவையில்லை. பொடியாக அங்கேயே விழுந்தால் சில நாளில் உக்கி, புல்லுக்கு வேண்டிய நைதரசனில் நாலில் ஒரு பங்கு அளவைத் திருப்பிக் கொடுத்துவிடும். இப்படி வெட்டுபவருக்குத் தேவை அடிக்கடி எடுக்கத் தோன்றும் மெஷின். கீழே போய், பெற்றோல் இருக்கிறதா என்று குலுக்கிப் பார்த்து, பம்பை அமுக்கி, கயிற்றை இழுத்து, திரும்ப இழுத்து, காதை மூடி, கடைசியில் உடுப்பெல்லாம் மணக்க வரவேண்டும் என்றால் ஆர் ஐந்து நாளுக்கு ஒருமுறை எடுப்பார்? பத்து நாளாகும், பதினைந்தாகும். புல் வளர்ந்துவிடும். வளர்ந்த புல்லுக்குப் பெரிய எஞ்சின் தேவைப்படும். பெரிய எஞ்சின் வேண்டும் என்ற அண்ணையின் அனுபவத்தை உண்டாக்கியதே அந்தப் பெரிய எஞ்சின்தான். பொத்தானை அமுக்கினால் ஓடும் மெஷின் வீட்டில் நின்றால், வேலையால் வந்து தேநீர் கொதிப்பதற்கு முன் முன்வளவை முடித்துவிடலாம்.

கயிற்றைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அண்ணை அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. கைப்பிடியை விட்டால் 3 விநாடிக்குள் அலகு நின்றாக வேண்டும் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு விதி 1982இன் நடுப்பகுதியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அருமையான விதி, எத்தனையோ விரல்களைக் காப்பாற்றியிருக்கும். அதை நிறைவேற்ற மலிவான வழி, கைப்பிடியை விட்டதும் எஞ்சினையே நிறுத்திவிடுவது. அலகை மட்டும் நிறுத்தி எஞ்சினை ஓடவிடும் கிளச் விலைகூடிய மெஷின்களில்தான் இருக்கும். ஆகவே சாதாரணப் பெற்றோல் மெஷின்காரர், விழுந்து கிடக்கும் கொப்பொன்றை எடுத்துப் போடக் கைப்பிடியை விட்டால், திரும்பக் கயிறு இழுக்க வேண்டும். தண்ணீர்க் குழாயை ஒதுக்கினால் ஒரு இழுவை. பை நிரம்பினால் ஒரு இழுவை. இந்த மினக்கேட்டுக்குப் பயந்து கொப்பின் மேலேயே மெஷினை ஓட்டுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். பற்றரி மெஷினில் அலகு நிற்கும், பொத்தானை அமுக்கினால் திரும்ப ஓடும், அவ்வளவுதான்.

கயிறு இன்னொன்றையும் தீர்மானித்தது: வீட்டில் ஆர் புல் வெட்டுவது என்பதை. தோள்மூட்டு நோகிற அறுபது வயதுக்காரர், சின்ன உடம்புக்காரி, பதினைந்து வயது மகள், எல்லாரும் "அது அப்பாவின்ரை வேலை" என்று ஒதுங்கியதற்கு மெஷினின் பாரத்தைவிட அந்த இழுவைதான் காரணம். எங்கள் தெருவில் பற்றரி மெஷின் வந்த வீடுகளில் அதைத் தள்ளுவது பல நேரம் அக்காமார்தான். இதை முன்னேற்றம் என்பதா, அண்ணை தந்திரமாகக் கழன்றுகொண்டார் என்பதா என்பதை அந்தந்த வீட்டிலேயே விட்டுவிடுகிறேன்.

அண்ணை எண்ணாத மற்றச் சில்லறைகள்: ஒயில் மாற்றுவது, காற்று வடிகட்டி, ஸ்பார்க் பிளக், எதனோல் கலந்த பெற்றோல் மாரி முழுக்கக் கிடந்து காபரேற்றருக்குள் பிசினாகிப் போவது, இளவேனிலில் திருத்தகத்து வரிசையில் நிற்பது. "மெஷினெண்டால் அப்பிடித்தான்" என்று பழகிவிட்டார். அதே ஆள், பற்றரியை மாரிக்கு வீட்டுக்குள் எடுத்து வைக்க வேண்டும் என்று சொன்னால், "இதென்ன, குழந்தைப் பிள்ளையே?" என்று சிரிக்கிறார்!

சத்தமும் புகையும் பற்றி எல்லாரும் எழுதியாயிற்று, நான் சுருக்கிவிடுகிறேன். கலிபோர்னியாவின் காற்றுவள வாரியம் சொல்லும் கணக்கில், தொழில்முறைப் பெற்றோல் புல்வெட்டி ஒரு மணித்தியாலம் ஓடினால் வெளிவிடும் புகைமூட்ட மாசு, 2017ஆம் ஆண்டு ரொயோட்டா கம்ரி கார் 300 மைல் ஓடுவதற்குச் சமன். லொஸ் ஏஞ்சலஸிலிருந்து லாஸ் வேகஸ் வரை. காரில் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டர் உண்டு, இந்தச் சின்ன எஞ்சினில் பெரும்பாலும் இல்லை, அதுதான் காரணம். அந்த மாநிலம் 2021இல் சட்டம் இயற்றி, 2024 முதல் புதிய பெற்றோல் புல்வெட்டிகளின் விற்பனைக்கு வழியை அடைத்துவிட்டது. "மின்சாரமும் எங்கேயோ புகைவிட்டுத்தானே வருகுது" என்பாருக்கு: ஒன்ராறியோ தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை 2014இல் மூடிவிட்டது. இங்கே மின்சாரத்தில் பெரும்பங்கு அணுவும் நீரும். எரிவாயுவும் கலக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இரவு ஒன்பது மணிக்குச் சார்ஜரில் போட்ட பற்றரியைத் தம்பியின் மூக்கடியில் புகைக்கும் எஞ்சினோடு சமன்படுத்த ஏலாது. சத்தத்தைப் பொறுத்தவரை, பற்றரி மெஷின் ஊமை என்று விற்பவன் பொய்யன், அலகு காற்றை வெட்டும் இரைச்சல் அதற்கும் உண்டு. இரவு வேலை முடிந்து வந்து காலை எட்டு மணிக்குக் கண்ணயர்ந்த பக்கத்து வீட்டுக்காரரின் யன்னலை அது அதிரவைக்காது, அதுதான் வித்தியாசம்.

இனிக் காசு. இந்த இடத்தில் என் பக்கத்து ஆட்களையே முதலில் மறுக்க வேண்டியிருக்கிறது. "பெற்றோல் மிச்சத்திலேயே மெஷின் காசு வந்திடும்" என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். சின்ன வளவுக்கு ஒரு பருவத்தில் 25 தடவை வெட்டினால் பெற்றோல் 12, 15 டொலருக்கு மேல் போகாது. மின்சாரம் இரண்டு டொலருக்குள். மிச்சம் வருடத்துக்கு ஒரு பிட்சா. மறுபக்கத்தில், உத்தரவாதம் முடிந்த பிறகு பற்றரி செத்தால் புதிதுக்கு மெஷினின் விலையில் பாதியைக் கேட்பார்கள், சில நேரம் அதற்கும் மேலே. அண்ணையின் வாதங்களில் எனக்கு உண்மையாகக் கனப்பது இது ஒன்றுதான். பதில் என்னவென்றால், 25 தடவை சார்ஜ் பண்ணுவதால் பற்றரி தேயாது. லிதியம் கலம் பல நூறு சுற்றுத் தாங்கும், பத்து வருடத்துக்கு 250 சுற்றுத்தான் ஆகிறது. அதைக் கொல்வது வெக்கையும், முழுச் சார்ஜில் மாதக்கணக்காகக் கிடப்பதும், உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்ற முயல்வதும். ஓகஸ்ட் மாதத்துக் கராஜில் சார்ஜரிலேயே விட்டுவிட்டு மறந்தால் காசு போகும். மாரிக்கு முன் பாதியளவு சார்ஜில் பேஸ்மென்ற் அலுமாரியில் வைத்தால் நீடிக்கும். திருத்தகக் காசையும் ஒயிலையும் பிளக்கையும் மறுபக்கம் போட்டால், பத்து வருடத்தில் இரண்டும் ஏறக்குறையச் சரிக்குச் சரி. பற்றரி மெஷின் மலிவு என்று நான் வாதாடவில்லை. விலை கூடியது என்ற வாதம் அவ்வளவு பெரிய வாதம் இல்லை என்றுதான் சொல்கிறேன்.

அண்மையில் புதிதாக ஒரு வாதம் கிளம்பியிருக்கிறது, படித்த பிள்ளைகளின் வாயில்: லிதியம் தோண்டுவதும் கோபால்ட் எடுப்பதும் பூமியை நாசமாக்குகின்றன, ஆகவே பெற்றோலே மேல். கொங்கோவின் கோபால்ட் சுரங்கங்களில் நடக்கும் கொடுமை உண்மை, அதைச் சிறுமைப்படுத்த மாட்டேன். ஆனால் அளவைப் பாருங்கள். நான் சொன்ன 56 வோல்ட் பற்றரிக்குள் இருப்பது விரலைவிடச் சற்றுத் தடித்த 28 உருளைக் கலங்கள், ஒவ்வொன்றும் 45 கிராம் அளவு, மொத்தம் ஒன்றேகால் கிலோ. 60 கிலோவாற் மணி மின்காருக்குள் இப்படி இருநூறுக்கு மேற்பட்ட பற்றரிகள் அடங்கும். இந்த வாதத்தைச் சொல்லும் பிள்ளையின் டிரைவ்வேயில் நிற்பதே மின்கார் என்றால் நான் என்ன சொல்ல? செத்த பற்றரியைத் திரும்ப எடுக்கும் பொறுப்பை ஒன்ராறியோ 2020இலிருந்து உற்பத்தியாளர் மேல் சுமத்தியிருக்கிறது. குப்பை வாளிக்குள் போடாமல் கடையிலுள்ள பெட்டிக்குள் போடுவது எங்கள் பங்கு. குப்பை லொறிக்குள் நசிந்தால் தீப்பிடிக்கும்.

பற்றரி மெஷினுக்கு எதிராக அண்ணை சொல்லியிருக்க வேண்டியதும் சொல்லாததுமான முறைப்பாடு வேறொன்று: ஒரு நிறுவனத்தின் பற்றரி இன்னொரு நிறுவனத்தின் மெஷினுக்குள் ஏறாது. பெற்றோலுக்கு இப்படி ஒரு சாதி இல்லை, எந்தக் காஸ் நிலையத்திலும் வாங்கி எதற்குள்ளும் ஊற்றலாம். புல்வெட்டியோடு உள்ளே போனவர் ஓரம்வெட்டியும் இலையூதியும் அதே நிறத்தில்தான் வாங்க வேண்டும், இல்லையென்றால் சுவரில் மூன்று சார்ஜர் தொங்கும். சில வருடத்தில் அந்த வகைப் பற்றரியையே நிறுவனம் நிறுத்திவிட்டால் நல்ல மெஷின் இரும்புக்குப் போகும். இந்தக் கோபத்தில் நானும் பங்காளி. ஆனால் பெற்றோல் பக்கமும் நித்தியம் இல்லை. அண்ணைமார் சத்தியம் பண்ணுகிற ஹொண்டாவே 2023 செப்ரெம்பரோடு வட அமெரிக்காவில் பெற்றோல் புல்வெட்டி உற்பத்தியை நிறுத்திவிட்டது.

பெற்றோல் எங்கே நியாயமானது? ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு. நாளுக்கு இருபது வீடு வெட்டி உழைக்கும் ஒப்பந்தக்காரருக்கு, இப்போதைக்கு. மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கும் கொட்டேஜின் காட்டுப்புல்லுக்கு. பனி தள்ளும் மெஷினிலும் நான் அண்ணையோடுதான் நிற்கிறேன். மாநகரசபை வண்டி டிரைவ்வே வாசலில் குவித்துவிட்டுப் போகும் ஈரப்பனி சீமெந்து மாதிரி. கடுங்குளிரில் பற்றரியின் கொள்ளளவும் குறையும். அந்த வேலைக்கு என் கராஜில் இன்னும் எஞ்சின்தான் நிற்கிறது.

தம்பிக்கு: கடைக்குப் போக முன் புல்லை அளந்துகொண்டு போங்கள். வோல்ட்டைப் பார்க்காமல் வாற் மணியைப் பாருங்கள். அலகை வருடத்தில் இரண்டு தடவையாவது தீட்டுங்கள், மழுங்கிய அலகோடு "இழுக்குதில்லை" என்று முறையிடுபவர்கள்தான் அதிகம். அடியில் கைவைக்க முன் பற்றரியைக் கழற்றுங்கள், சத்தம் இல்லாத மெஷின் செத்த மெஷின் இல்லை. தனிப் பற்றரியின் விலை என்ன, ஐந்து வருடம் கழித்தும் கிடைக்குமா என்று விற்பவரிடம் கேளுங்கள். அவருக்குச் சொல்லத் தெரியாவிட்டால் அடுத்த கடைக்குப் போங்கள்.